உள்பக்கம் வைத்த தகடு

கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தபோது மேதையின் முகம் அடுத்தவர் வீட்டு அலமாரிக்குள் மாட்டிக்கொண்டவர் முகம் போல இருந்தது. "கண்ணாடி செத்துப்போச்சு மாப்ளே," என்றார்.

மனைவியின் தம்பி அதை நம்பவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், மங்கியது கண்ணாடியா கண்ணா என்று நாள்தோறும் தீர்ப்புச் சொல்கிறவன். ஆனால் அத்தானின் கண்ணைக் குறை சொன்னால் அவர் கலையையே குறை சொன்னதாகிவிடும்.

'மேதை' என்பது குடும்பத்தார் கிண்டலுக்கு வைத்த பெயர். அவர் அதை விருதாக எடுத்துக்கொண்டு வாசல் பலகையில் எழுதிவிட்டார். எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஆட்டுக்குட்டி கனத்தில் ஒரு மரக் கேமராவைக் கட்டிக்கொண்டு அழுதார். முன்னால் லென்ஸ், நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, பின்னால் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி. அதில் ஆள் தலைகீழாக விழுவார். பக்கத்துத் திருகால் துருத்தியை நீட்டிச் சுருக்கிக் கூர்மை பார்த்த பிறகு, கண்ணாடி இருந்த இடத்துக்கு ஃபிலிம் வரும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். பெரிய மனிதர்களுக்கோ பொறுமை கிடையாது. அதனால் அவர்கள் முன்னறையில் தலை சீவிக்கொண்டிருக்கும்போது மேதையின் மனைவி வந்து நாற்காலியில் உட்காருவாள். அவள் மூக்கின்மேல் கூர்மை பார்ப்பார். "ஆச்சா?" என்பாள். "ம், எழுந்திரு" என்பார். அந்தச் சூடு ஆறுவதற்குள் பிரமுகர் உட்கார்ந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முறை. அவளுக்கென்று ஒரு ஃபிலிம்கூடச் செலவானதில்லை. போன வருடம் அவள் இறந்தபோது, சுவரில் மாட்டுவதற்கு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அதில் அவள் யாரையோ கோபித்துக்கொண்டவள் போல இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி இருண்டது.

மைத்துனன் மறுநாள் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தகடு கொண்டுவந்தான். வயசானவர்கள் செய்தித்தாள்மேல் வைத்துப் படிக்கிற மலிவுச் சாமான். வெளிச்சத்தில் சாய்த்தால் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும்.

"இதை அளவா வெட்டி, உங்க கண்ணு இருக்கிற பக்கம், கண்ணாடிக்கு வெளியில ஒட்டுங்க அத்தான். மூலையெல்லாம் பளிச்சுன்னு ஆயிடும்."

"என் கேமராவுக்கு இந்தக் குப்பையா?"

"குப்பைதான். வெளிச்சத்துக்கு அது தெரியாது."

அவன் போன பிறகு மேதை தகட்டை வெட்டினார். வெளியில் ஒட்டினால் வருகிறவர்கள் பார்ப்பார்கள். வணிகர் சங்கத் தலைவர் வேறு படம் எடுத்துக்கொள்ள வருகிறார். சங்க மண்டபத்தில் ஆளுயரத்துக்குத் திறக்கப்போகிற படம். மானம் காக்கிற யோசனையாக, தகட்டைக் கண்ணாடிக்கு உள்பக்கம் செருகி மூடினார். துணிக்குள் போனார்.

மூலைக்கு மூலை வெளிச்சம். பின்திரையின் நெசவு தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, அதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தலைகீழாகத்தான். உயிரோடு இருந்தபோதும் அவர் அவளை அதிகம் பார்த்தது அப்படித்தான். பயம் வரவில்லை. கைகள் பழக்கத்தில் திருகைத் திருப்பி, மூக்கில் கூர்மை பார்த்தன. துணியை விலக்கினால் வெறும் நாற்காலி. மூடினால் அவள்.

தலைவர் வந்தபோதும் அப்படியே கூர்மை பார்த்தார். "எழுந்திரு" என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் எழுந்தாளா என்று பார்ப்பதற்குள், மூன்று சால்வைகளோடு தலைவர் அவள்மேல் உட்கார்ந்துவிட்டார்.

படம் வந்தது. பின்திரையில் நூல் நூலாக எண்ணலாம். தலைவர் மட்டும் கஞ்சியில் விழுந்த மாதிரி கலங்கியிருந்தார். "திரைச்சீலைக்குத்தான் மண்டபத்துல திறப்பு விழாவா?" என்று கேட்டு ஆளனுப்பினார். இன்று சாயங்காலம் மறுபடி வருகிறாராம். இதுவும் கெட்டால் கைப்பேசிக்காரனைக் கூப்பிட்டுக்கொள்வாராம். பிறகு வாசல் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

செய்தி கேட்டு வந்த மைத்துனன் கேமராவின் முதுகைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "உள்ளயா வெச்சீங்க? தகட்டோட கனத்துக்குக் கண்ணாடி பின்னால போயிடுச்சு. ஃபிலிம் பழைய இடத்துலயே நிக்குது. நீங்க ஆளைப் பார்த்தா, அது ஆளுக்குப் பின்னால இருக்கிறதப் பிடிக்கும். குடுங்க, வெளியில மாத்திடறேன்."

"வேணாம்."

"தலைவர் வர நேரமாச்சு அத்தான்."

"மாத்தினா அவ போயிடுவா."

"யாரு?"

மேதை நாற்காலியைக் காட்டினார். மைத்துனன் சிரிக்கத்தான் தொடங்கினான். அத்தானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "கண்ணைப் பரிசோதிக்க வாங்கன்னு சொன்னா வரமாட்டீங்க. இப்ப அக்காவை இழுக்கறீங்க."

"நீ பாரு. பார்த்துட்டு மாத்து. நான் தடுக்க மாட்டேன்."

கேமராவின் முதுகை மூடிவிட்டு, திருப்புளியும் கையுமாக மைத்துனன் துணிக்குள் போனான். "ஒண்ணுமில்ல, நாற்காலிதான் இருக்கு," என்றது துணி. "நல்ல வெளிச்சம். ஆனா நாற்காலி..."

பேச்சு நின்றது.

வாசலில் கார் வந்து நின்றது. கதவைத் திறந்துவிட யாரோ ஓடும் சத்தம், சால்வையைச் சரிசெய்யச் சொல்லும் தலைவரின் குரல். மேதை அசையவில்லை. திருப்புளி தரையில் விழுந்து உருண்டது. துணிக்குள்ளிருந்து மைத்துனனின் கை வெளியே வந்து, திருகைத் தடவிக் கண்டுபிடித்தது. இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. துருத்தி மெல்ல நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது.