மூன்றாவது காய்ச்சல்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் ரோட்டோரம் இருந்த அந்தக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் நர்சிங் ஹோம் என்றுதான் எழுதியிருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது கிழவங்க பங்களா. பிள்ளைகள் கொழும்பிலும் பம்பாயிலும் இருக்க, வீட்டில் பார்க்க ஆளில்லாமல் போன வயசானவர்கள் அங்கே படுத்திருந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிவிடும் வேலைக்கு 1958 ஆனியில் ராயகிரியிலிருந்து பாலம்மாள் வந்து சேர்ந்தாள்.

மூட்டையைப் பிரித்து வைக்கவில்லை, அதற்குள் சளி பிடித்துக்கொண்டது. தேறி எழுந்தால் வயிற்றுப்போக்கு. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புதிதாக வந்த எவளும் அங்கே இப்படித்தான் மாறி மாறிப் படுத்தாள். ஒரு கட்டிலில் இருமல், அடுத்ததில் பேதி, அதற்கடுத்ததில் கண்வலி. எச்சில் தட்டையும் சளிக் கோப்பையையும் நாள் முழுக்கக் கழுவுகிறவளுக்கு ஒட்டாமல் வேறு யாருக்கு ஒட்டும்? பழைய ஆட்களுக்கு அவ்வளவாக வராது. வந்து வந்து உடம்பு பழகியிருக்கும், அவ்வளவுதான். தென்காசியிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற டாக்டர் சங்கரநாராயணன் இதைச் சொல்லாமலும் இல்லை. "ஒரு வருஷம் போகட்டும்மா, பெறகு தும்மக்கூட மாட்டா" என்பார்.

யார் காதில் ஏறியது? விடுதியை நடத்தி வந்த வடிவாம்பாள் வேறு ஒன்றை நம்பினாள். வந்த புதிதில் மூன்று தரம் படுத்துவிட்டால், அந்த ஆளுக்கு இடம் ஒத்துக்கொள்ளவில்லை. திட்ட மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள். தேங்காய் பழம் வெற்றிலை வைத்துக் கொடுத்து, "எங்கன இருந்தாலும் நல்லா இருட்டி" என்று வாழ்த்தி, தானே கூட வந்து பஸ் ஏற்றிவிடுவாள். உடம்பு இப்போதுதான் பழகத் தொடங்குகிறது என்கிற நேரம் பார்த்து ஒருத்தியை அனுப்பிவிட்டு, இன்னொரு புதியவளைக் கூட்டிவந்து முதலிலிருந்து தும்மவிடுவது! இதைவிட மடத்தனம் உலகத்தில் உண்டா? ஆனால் வெற்றிலைத் தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது.

பாலம்மாள் இரண்டு தரம் படுத்தாகிவிட்டது. புருஷன் செத்த பிறகு கொழுந்தன் வீட்டில் தொழுவம் பெருக்கி, பழைய சோற்றுக்குக் கொழுந்தன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்து நின்றவள் அவள். இங்கே அவளுக்கென்று ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. மறுபடி அந்தத் தொழுவத்துக்குப் போக அவளால் ஆகாது.

ஆடியில், சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், தொண்டை எரிய எழுந்தாள். உடம்பு கணகணவென்று கொதித்தது. அருவித் தண்ணீர் சளியை அண்டவிடாது என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாலம்மாளும் அதை நம்பி, தலையில் எண்ணெயை அப்பிக்கொண்டு ஐந்தருவிக்கு ஓடினாள். காய்ச்சலை அடித்து இறக்கிவிடும் என்று தண்ணீருக்கடியில் தலையைக் கொடுத்து நின்றாள். நிற்கும்வரை சுகமாகத்தான் இருந்தது. திரும்பி வருகிற வழியில் பல் கிட்டித்துக்கொண்டது.

வாசலில் வடிவாம்பாள் நின்றாள். "என்னட்டி, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"அருவியில குளிச்சிட்டு வாறேம்மா."

"அதான் செக்கச் செவேல்னு இருக்கே" என்று சொல்லிவிட்டு வடிவாம்பாள் உள்ளே போய்விட்டாள்.

பாலம்மாள் பார்த்துக்கொண்டது சண்முகசுந்தரி ஆச்சியை. தென்காசியில் கோயில் மண்டகப்படிக்காரர் வீட்டு மனுஷி. இடுப்பெலும்பு முறிந்து, எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். பாலம்மாள் வந்த புதிதில் ஆச்சி அவளிடம் வாய் திறக்கவே இல்லை. ஏதோ வீம்புக்காரக் கிழவி என்றுதான் பாலம்மாளும் நினைத்தாள். கொஞ்ச நாளாகத்தான் பேச்சு வந்திருந்தது. முதுகைச் சொறியச் சொல்வாள், சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரனை ஏசுவாள்.

காய்ச்சலோடு அந்த ஆச்சியைத் தொட பாலம்மாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேலை செய்தாள். ஆனால் படுத்த ஆளைத் தோளில் சாய்த்துத் தூக்கும்போது மூச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த வாரமே ஆச்சிக்கும் உடம்பு சுட்டது, இருமல் நெஞ்சைப் பிளந்தது.

டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இந்த வயசுக்கு இது நல்லதில்ல. யார்கிட்ட இருந்தாவது ஒட்டுச்சா, சாரல்ல நனைஞ்சாங்களா?"

வடிவாம்பாள் பாலம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, உனக்கு மேலுக்கு எப்படி இருக்கு?"

பாலம்மாளுக்குப் பஸ்ஸும் தொழுவமும் கண்முன் வந்தன. ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் வாயெடுத்தாள்.

அதற்குள் ஆச்சி முந்திக்கொண்டாள். "அவள ஏன் கேக்கே? நான்தான் சன்னலத் தெறந்து வைக்கச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம்னா, நான் கேக்கல. சாரல் அடிச்சு மெத்தையெல்லாம் ஈரம்."

"நல்ல பிடிவாதம் போங்க" என்று வடிவாம்பாள் சன்னலை இழுத்துச் சாத்தினாள். டாக்டர் மருந்தைச் சொன்னார். இருவரும் அடுத்த அறைக்கு நகர்ந்தார்கள்.

அவர்கள் போனதும் பாலம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். "ஆச்சி, என்கிட்ட இருந்துதான் ஒட்டிச்சு. எனக்குக் காய்ச்சல். மறைச்சிட்டேன்."

"தெரியும். தூக்கும்போது உன் கை சுட்டது எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏன் ஆச்சி பொய் சொன்னிய? ஒங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நான் என்ன செய்வேன்?"

ஆச்சி இருமி முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ஒனக்கு முன்னால எத்தனையோ பேரு வந்தாளுவ. ஒவ்வொருத்தி முன்னாலயும் புதுசா நான் அம்மணமாக் கெடக்கணும். ஒவ்வொருத்தியும் புதுசாப் பாப்பா. பெத்த மவ பாத்ததில்ல என்னைய. ஒன்கிட்ட அந்தக் கூச்சம் ஒருவழியா தீந்துது. இன்னொருத்தி வந்து பாக்கதுக்கு இந்தக் காய்ச்சல் தேவலட்டி."

அவமானப்பட்டதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்த பாலம்மாள், ஆச்சியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அழுதது போதும்" என்றாள் ஆச்சி. "சேலையெல்லாம் வேர்த்து நனைஞ்சு போச்சு. கதவச் சாத்திட்டு வந்து மாத்திவிடு."

பாலம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.