கட்டில் இல்லாத வரைபடம்

ஆறாவது வரைபடத்திலும் ரயில் என் கட்டில்மேல் ஏறியது.

அப்பா அசரவில்லை. அட்டையில் வெட்டிய கட்டிலைக் கட்டத்தாளின்மேல் ஒற்றை விரலால் நகர்த்தினார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று அளவு. என் அறை எட்டடி அகலம். கட்டில் மூன்றடி, நின்று வேலை பார்க்க இரண்டடி. மீதி மூன்றடிக்குள் அவருடைய மாடல் ரயிலின் இன்ஜின் வளைந்து திரும்ப வேண்டும். அதற்கு நாலரை அடி தேவை என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. மூன்று முறை கணக்குப் போட்டுக் காட்டிவிட்டேன்.

"கொஞ்சம் இழுத்துப் புடிச்சா வந்துடும்மா."

"அப்பா, இது துணி இல்ல. தண்டவாளம்."

முப்பத்திரண்டு வருடம் சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கையும் காலரும் முதுகும் ஒன்றையொன்று ஒட்டி அடங்க, விரலகலத் துணிகூட வீணாகாமல் கோடு போடுவார். ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த ரயில் இது. பாசத்தில், கடையில் இருந்ததிலேயே நீளமான இன்ஜினாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். அன்றிலிருந்து மேசை நான்கு திசையும் பார்த்துவிட்டது. அலமாரி ஹாலுக்குப் போய்விட்டது. நான்காவது வரைபடத்தில் எல்லாம் பொருந்தியது, கதவைத்தான் திறக்க முடியாது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன்.

"நிஜ ரயில்ல எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னா டிக்கெட் கிடைக்கலம்பாரு. இப்ப பாரு, பாதையே போடுறாரு," என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொல்லிட்டியா, இல்லையா?"

சொல்லவில்லை. வேறு ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஒரு வாரமாக நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பா ஸ்கேலை நீட்டினார். ஒரு கட்டிலைத் தூக்கினால் தீர்கிற கணக்கை இவர் ஏன் இப்படி இழுக்கிறார் என்று எரிச்சலாக வந்தது. ஒரு வார்த்தையில் தீர்கிறதை நான் ஏன் இழுக்கிறேன் என்பது வேறு எரிச்சல்.

திரும்பி வந்து புதுத் தாளை எடுத்தேன். அட்டைக் கட்டிலை என் நோட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, காம்பஸைச் சுற்றினேன். வளைவு தாராளமாக வந்தது. நிற்க மூன்றரை அடி மிச்சம். தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். பிறகு இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"கட்டில் எங்கம்மா?"

காம்பஸின் திருகை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"எப்போ?" என்றார்.

"ஒண்ணாந்தேதி வேலைல சேரணும்."

"தூரமா?"

"ரயில்ல ஒம்பது மணி நேரம்."

நோட்டைத் தூக்கி அட்டைக் கட்டிலை எடுத்தார். பழைய இடத்திலேயே வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடியுமாப்பா? நான்தான் இருக்கவே போறதில்லையே."

அவர் காதில் வாங்கவில்லை. அட்டையைச் சுற்றிப் பென்சிலால் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டார். என் சுத்தமான வளைவின் குறுக்கே, இரண்டு இடங்களில்.

"முழுக்கோடுன்னா வெட்டணும். புள்ளிக்கோடுன்னா மடிக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப நான் வந்தா ரயில் எங்க போகும்?"

"நிக்கும்."

அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தாளில் தண்டவாளம் என் தலையணை இருக்கும் இடம் வழியாக வளைந்து போனது. அதற்குச் சற்று முன்னால், குறுக்கே ஒரு சிறிய கோடு போட்டு, பக்கத்தில் சிக்னல் என்று எழுதினார்.