பட்டையின் கடைசி வளையம்

துப்பாக்கிச் சுடும் போட்டியில் காலையிலிருந்து டெல் ஒரு இலக்கைக்கூடத் தவறவிடவில்லை. அதனாலேயே அவனிடம் வாய் திறக்க லோர்னாவுக்குத் தயக்கமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டில் பேச்சு குறைவு. அது பகையில்லை. இரண்டு பேருக்கும் அமைதி பழகிவிட்டது.

மேற்கு டெக்சாஸின் அக்டோபர் காற்று சுண்ணாம்புப் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. டெல் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, பெரிய வாளியிலிருந்து ஷாட்கன் தோட்டாக்களை எடுத்து இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டிருந்தான். பக்கத்துத் தள்ளுவண்டியில் ரைஃபிள், கைத்துப்பாக்கி, ஷாட்கன் மூன்றும் உள்ளே தோட்டா இல்லை என்று காட்டும் ஆரஞ்சுக் கொடிகளோடு இருந்தன. மூன்றையும் ஒரே ஓட்டத்தில் சுட வேண்டும். மிச்சமிருப்பது கடைசிச் சுற்று. மாநில அணியில் ஒரே ஓர் இடம் காலி. வருஷா வருஷம் இரண்டாவதாக வந்து அலுத்தவன் இன்றைக்கு முதலில் நிற்கிறான்.

"கையுறையக் கழட்டிட்டுப் போடேன், டெல்."

"குளுருது."

"ஒவ்வொண்ணையும் விரலால தடவிப் பாத்தியா?"

"ஸ்கூல் பஸ்ல ஏத்துற பிள்ளைங்கள நீ எண்ணுவியே, அந்த மாதிரியா? இதுங்க எங்கயும் ஓடிப்போகாது."

முன்பக்கத்துப் பிடிப்பான்களை நிரப்பிவிட்டு, உபரிக்காக இடுப்பின் ஓரத்தில் தைத்திருந்த பழைய எலாஸ்டிக் வளையங்களிலும் தோட்டாக்களைத் திணித்தான். மஞ்சள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தள்ளுவண்டியோடு போய்விட்டான்.

லோர்னா அடுத்த குழுவில் சுட வேண்டும். தன் பட்டையை எடுத்துக்கொண்டு அதே வாளியின் முன் உட்கார்ந்தாள். புழுதி படிந்த தன் மஞ்சள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தாள். அப்போதுதான் வாளிக்குள் வெறுங்கண்ணால் பார்த்தாள்.

பால் வெள்ளைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்று மஞ்சளாகக் கிடந்தது.

கண்ணாடியை மறுபடி போட்டாள். எல்லாமே மஞ்சள். கழற்றினாள். ஒன்று மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் புறா வேட்டைக்குப் போயிருந்தாள். அவளுடைய சின்னத் துப்பாக்கிக்கு இருபது கேஜ் தோட்டா. கேஜ் எண் கூடக் கூடத் தோட்டா சிறுக்கும்; இது டெல்லின் பன்னிரண்டு கேஜை விட ஒல்லி. தவறிப்போய்க் கலந்துவிடக் கூடாதென்றுதான் அதை மஞ்சளில் செய்கிறார்கள். இன்று காலை வண்டி ஓட்டிக்கொண்டே டெல் சொன்னது இப்போது அவள் காதில் விழுந்தது: "உன் வேட்டைச் சட்டைப் பையில கிடந்ததையெல்லாம் வாளியில கொட்டிட்டேன்." அவள் வேறெதையோ நினைத்தபடி தலையாட்டியிருந்தாள்.

கையை விட்டுத் துழாவினாள். இன்னொன்று வந்தது. பையில் மொத்தம் எத்தனை இருந்தன? தெரியாது.

ஒல்லித் தோட்டா பெரிய துப்பாக்கிக்குள் போனால் வெடிக்காது. வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். 'டிக்' என்று வெறும் சத்தம் வரும். அவசரத்தில் சுடுகிறவன் கைப்பிடியை இழுத்துவிட்டு அடுத்ததை ஏற்றுவான். சிக்கிய தோட்டாவுக்குப் பின்னால் இது வெடித்துக் குழலையே பிளக்கும். அப்படிப் பிளந்த குழல் ஒன்று கிளப் சுவரில் உரித்த வாழைப்பழம் போலத் தொங்குகிறது. அது ஹாய்ட்டுடையது. இந்தச் சுற்றில் சுடுகிறவர்களை மேற்பார்க்கும் ரேஞ்ச் ஆபீசர் அவர்தான். இடது கையில் அவருக்கு மூன்று விரல்கள்.

ரைஃபிள் வெடிக்கத் தொடங்கியது.

லோர்னா ஓடினாள். ஜல்லி காலை வாரியது. ரைஃபிள் ஓய்ந்து கைத்துப்பாக்கி படபடத்தது. ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று கத்தலாம் என்பது இங்கே சட்டம். ஆனால் கத்தியது வீணென்றால்? மறுபடி சுட விடுவதும் விடாததும் ஹாய்ட்டின் கையில். டெல்லின் வாழ்நாளிலேயே சிறந்த ஓட்டத்தை அவன் பெண்டாட்டியே கெடுத்தாள் என்று ஆகும்.

சுட்டு முடித்த ஆயுதங்களைப் போடும் பீப்பாய்க்குள் கைத்துப்பாக்கி விழுந்தது. ஷாட்கன் முழங்கியது. ஒரு இரும்புத் தட்டு சாய்ந்தது. இன்னொன்று. சத்தம் வரவர அவளுக்கு உயிர் வந்தது. வெடித்தால் நல்லது. வெடிக்காத அந்த ஒரு நொடிதான் எமன்.

கயிற்றுவேலியருகே வாயைத் திறந்தாள்.

"நிறுத்து!"

அது தன் குரல்தான் என்று அவளுக்கே தெரியவில்லை. ஹாய்ட் அதே சொல்லைத் திருப்பி முழங்கினார். டெல் கல்லாக நின்றான். குழல் மண்மேட்டைப் பார்த்தபடி, விரல் விசையை விட்டு வெளியே.

"என்ன மேடம்?" என்றார் ஹாய்ட்.

கையிலிருந்த மஞ்சள் தோட்டாவை நீட்டினாள். "அவர் வாளியில, ஹாய்ட். இன்னும் இருக்கலாம்."

ஹாய்ட் துப்பாக்கியைக் காலி செய்ய வைத்தார். வந்தவை எல்லாம் வெள்ளை. தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பட்டையைத் தடவினார். வெள்ளை. வெள்ளை.

"போதுமா, லோர்னா?" டெல்லின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "சந்தோஷமா?"

கடைசி எலாஸ்டிக் வளையத்தில் ஹாய்ட்டின் விரல்கள் நின்றன. அங்கிருந்ததை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். மஞ்சள்.

"அது உபரி," என்றான் டெல். "தட்டு தப்புனாத்தான் அங்க கை போகும். நான் தப்பவிடல."

"தப்பவிடலதான்," என்றார் ஹாய்ட். "பட்டைய மொத்தமாக் கொட்டிட்டு மறுபடி நிரப்பு. மொதல்லருந்து சுடு. கையுறையக் கழட்டிட்டு வா, தம்பி."

வாளியிலிருந்து வேண்டாம் என்று ஹாய்ட் தன் பெட்டியிலிருந்து கொடுத்தார். இரண்டாவது ஓட்டத்தில் டெல்லின் கால்களில் பழைய லயம் இல்லை. ரைஃபிள் சரி. கைத்துப்பாக்கி சரி. ஷாட்கன்னில் ஓரத்துத் தட்டு ஆடியது, விழவில்லை. துப்பாக்கி காலி. முன்பக்கப் பிடிப்பான்களும் காலி. அவன் கை இடுப்பின் ஓரத்துக்குப் போய், கடைசி வளையத்திலிருந்து உருவியது.

வெடித்தது. தட்டு விழுந்தது.

புள்ளிப் பலகையருகே யாரோ சிரித்தார்கள். "மறுபடியும் ரெண்டாவதாடா, டெல்? அந்த நாற்காலிய உன் பேருக்கே எழுதி வெச்சிருக்காங்க போல!"

டெல் வண்டிக்கு வந்து பின்கதவில் உட்கார்ந்தான். லோர்னா காபியை ஊற்றி நீட்டினாள்.

"அந்த வளையத்துக்குத்தான் கை போச்சு," என்றான்.

"பாத்தேன்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தான். வாளியைப் பின்கதவின் மேல் கவிழ்த்து, வெறும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவத் தொடங்கினான். அவள் எதிரே உட்கார்ந்து, அவன் தடவியதை வாங்கித் தானும் ஒருமுறை தடவி வாளிக்குள் போட்டாள்.