சுருட்டுப் பெட்டிக்குக் காவல்

அருள்மேரியின் வீட்டில் ஏசி இருக்கிறது என்று பட்டுக்கோட்டைச் சொந்தக்காரர்கள் யாரும் பொறாமைப்பட்டதில்லை. அது அவளுக்கில்லை, சுருட்டுக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். ஐம்பத்து நாலு வயது மனுஷி கூடத்தில் பாயை விரித்துப் புழுங்கிக் கிடப்பாள். உள்ளறையில் எண்பது சுருட்டுகள் இருபது டிகிரியில் சொகுசாகத் தூங்கும்.

சுருட்டுகள் தம்பி சகாயநாதனுடையவை. கனடாவில் இருக்கிறான். ஊருக்கு வரும்போது நண்பர்களோடு மாடியில் உட்கார்ந்து பிடிப்பதற்கென்று ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கி வந்தான். அவற்றை வைக்கும் பெட்டியைத் தேட, பெண் பார்த்ததைவிட அதிகம் அலைந்தானாம். கண்ணாடி மூடி கூடாது, வெளிச்சம் படும். உள்ளே வாசனை மரப்பலகை அடித்திருக்க வேண்டும். மூடியைக் கையிலிருந்து விட்டால் தொப்பென்று விழாமல், காற்றைத் தள்ளிக்கொண்டு மெல்ல அமர வேண்டும். உள்ளே ஈரம் நூற்றுக்கு அறுபத்தொன்பது நிற்க வேண்டும். கூடினால் பூஞ்சை, குறைந்தால் சருகு. இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல அருள்மேரி கைகட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் வருஷமே வினை வந்தது. கார்த்திகை மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பெட்டியைத் திறந்தால் சுருட்டெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. டெல்டாவில் பிறந்தவள் வேறென்ன செய்வாள்? மழை விட்டதும் முறத்தில் பரப்பி, மொட்டைமாடியில் வத்தல் காயவைப்பதுபோல் காயவைத்தாள். விதைநெல்லுக்குப் போடுவதுபோல் நொச்சி இலையும் வசம்பும் போட்டு மூடினாள். அதைத் தம்பியிடம் பெருமையாகவும் சொன்னாள். அவன் போனிலேயே குதித்தான்.

அடுத்த தடவை வந்தவன் புதுச் சுருட்டுகளோடு, தீப்பெட்டி அளவில், ஈரத்தை எண்ணில் காட்டும் ஒரு மீட்டரையும் கொண்டுவந்து பெட்டிக்குள் ஒட்டினான். உள்ளே இருக்கும் ஈரம் அங்கே அவன் போனில் கோடாக ஓடும். தினமும் காலை ஏழு மணிக்கு அருள்மேரி மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் காற்றுப்பட விடவேண்டும். மூன்று நாளுக்கொரு முறை, உள்ளே ஈரம் காக்க வைத்திருக்கும் பஞ்சுக்குப் பேட்டரி தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. பதினைந்து நாளுக்கொரு முறை கீழ்வரிசையை மேலே மாற்ற வேண்டும். ஏசி அறையின் வறண்ட காற்றில் மூடி திறந்தால் கோடு கொஞ்சம் இறங்கும். ஏழே காலுக்குள் இறங்காவிட்டால் போன் வந்துவிடும்.

“அக்கா, இன்னும் தெறக்கலியா?”

இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. வேளாங்கண்ணிக்குப் போனாலும் அன்றைக்கே திரும்பியாக வேண்டும். வெளியூர்க் கல்யாணமென்றால் மொய்யை மட்டும் அனுப்புவாள். இத்தனைக்கும் ஏன் பொறுத்துப் போனாள் என்றால், புருஷன் செத்த மறு வருஷம் குடியிருக்கும் இந்த அப்பா வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். “நீ இருக்கிற வரைக்கும் இருந்துக்கக்கா” என்று அவன் சொன்னது வாய்ச்சொல்தான். பத்திரத்தில் அந்த வரி கிடையாது.

மகள் லின்சி ஓசூரில் இருக்கிறாள். மூத்த பிள்ளையின் பிரசவத்துக்குத் தாய்வீடு என்று இங்கேதான் வந்தாள். இரண்டாவதற்கு அத்தனை தூரம் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் உயிரோடில்லை. மருமகன் ராஜ்குமாருக்குக் கம்பெனியில் இரண்டு நாளுக்கு மேல் லீவு கிடையாது. நவம்பர் கடைசியில் தேதி. “ஒரு மாசம் வந்து இரும்மா” என்று லின்சி ஆகஸ்டிலிருந்தே கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அருள்மேரி தம்பியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஒரு மாசமா? பத்து நாள் ஆள் இல்லன்னா அத்தனையும் சருகாயிடும்க்கா. நீயே யோசிச்சுப் பாரு.”

யோசித்தாள். பெற்ற மகளையும் எண்பது சுருட்டையும் வைத்து யோசிக்கும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அன்சார் ஏசி சர்வீசுக்கு வந்தான். அதிராம்பட்டினத்துக்காரன், துபாய் ஓட்டலில் ஏழு வருஷம் இருந்தவன். பஞ்சும் பேட்டரி தண்ணீருமாக அவள் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

“என்னக்கா, இன்னும் பஞ்சுலயே இருக்கீங்க? எங்க ஓட்டல்ல பாக்கெட்டுதான். ரெண்டு உள்ள போட்டு மூடிட்டா, ஈரம் கூடுனா அதுவே இழுத்துக்கும், கொறஞ்சா அதுவே விட்டுக்கும். ரெண்டு மூணு மாசம் திரும்பிப் பாக்க வேணாம்.”

“நெசமாவா தம்பி?”

“ஆன்லைன்ல போட்டுத் தர்றேன், பாருங்க.”

பாக்கெட் வந்தது. அருள்மேரி பஞ்சைத் தொடவேயில்லை. தம்பிக்காகக் காலையில் திறந்து மூடியதோடு சரி. பத்து நாள் முழுக்க அறுபத்தொன்பது அறுபத்தொன்பதாகவே நின்றது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாதாவே அன்சாரை அனுப்பியதாக நினைத்தாள். வியாழக்கிழமை காலை தம்பியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“அதையெல்லாம் எடுத்துக் குப்பையில போடு” என்றான் சகாயநாதன். “கெமிக்கல். ஏசிகாரன் சொல்றதக் கேப்பியா, நான் சொல்றதக் கேப்பியா?”

எடுத்துப் போட்டாள். மறுபடி பஞ்சுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அன்று முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டே வீட்டு வேலையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு யோசனை தோன்றியது. தம்பி பெண்டாட்டி நல்ல மாதிரி, அவள் சொன்னால் கேட்பான். தம்பி வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவளைக் கூப்பிட்டு, இந்தச் சுருட்டு விஷயத்தில் கொஞ்சம் எடுத்துச் சொல்லம்மா என்று கெஞ்சினாள்.

“சுருட்டா? என்னண்ணி சொல்றீங்க? நெஞ்சுவலி வந்ததுலேருந்து அவரு அதத் தொடறதே இல்லியே. நாலு வருஷமா வீட்டுல சாம்பிராணிப் பொகைகூட ஆகாது அவருக்கு.”

அருள்மேரி போனை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். நெஞ்சுவலிக்குப் பிறகு அவன் ஊருக்கே வரவில்லை. பிடிக்காத சுருட்டுக்கு எதற்கு இந்தப் பாடு என்று ராத்திரி முழுக்க யோசித்தும் புரியவில்லை.

சனிக்கிழமை அவள் பெட்டியைத் திறக்கவில்லை. ஏழே காலுக்குப் போன் வந்தது.

“அக்கா, தெறக்கலியா?”

“நீ சுருட்ட விட்டு நாலு வருஷமாச்சாமே?”

“அவ சொன்னாளா?” என்றான். பிறகு, ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதாலோ என்னவோ, நிதானமாகவே சொன்னான். “வீடு பூட்டிக் கெடந்தா என்னத்துக்குக்கா ஆகும்? தேங்காயக்கூட மிச்சம் வைக்கமாட்டானுவ. கேமரா வச்சா உனக்குச் சங்கடம். இதுன்னா காலையில கோடு எறங்குனா நீ வீட்டுல இருக்கன்னு தெரிஞ்சுடும். எனக்கும் நிம்மதி.”

அருள்மேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு வருஷமாக அவள் சுருட்டைக் காத்ததாக நினைத்திருக்க, சுருட்டுதான் அவளைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“வீட்டப் பாத்துக்கக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா பாத்திருப்பேனேடா. கூடப்பொறந்தவகிட்ட கேக்கறதுக்கு என்ன?”

“இப்ப கேக்கறேன், இரு. நீ ஓசூர் போனா நான் வேற ஆளத்தான் குடிவைக்கணும். அப்புறம் நீ எங்கக்கா போவ?”

அதட்டலே இல்லை. அக்கறையாகக் கேட்பதுபோல்தான் கேட்டான். அவள் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. இந்த வயதில் போக்கிடம் இல்லாமல் எங்கே போய் நிற்பாள்? வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து நான்கு புடவையைப் பையில் வைத்தாள். பிரசவ லேகியத்தையும் எடுத்துக்கொண்டாள். ஏசியை நிறுத்தினாள். ஜன்னல்களை மழைக்குத் திறந்துவிட்டு, பெட்டியின் மூடியையும் மல்லாக்கத் திறந்து வைத்தாள். கார்த்திகைக் காற்று சும்மா இருக்குமா? அவள் தலை சீவி முடிப்பதற்குள் மீட்டரில் எண் எழுபத்தைந்தாகி, செருப்பைப் போடும்போது எண்பத்து நாலைத் தாண்டியிருந்தது. போன் அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் எடுக்கவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் நின்று மகளைக் கூப்பிட்டாள்.

“லின்சி, நான் வந்துக்கிட்டிருக்கேன்டி. தஞ்சாவூர் வந்துட்டேன்.”

“மாமா விட்டுட்டாரா?”

“அவன்கிட்ட கேக்கல.”

லின்சி பதில் சொல்வதற்குள் போனில் வீலென்று ஒரு சத்தம் கேட்டது. பிறந்த பிள்ளையின் அழுகை அருள்மேரிக்குத் தெரியாதா?

“என்னடி அது?”

“பொண்ணும்மா. வியாழக்கிழமையே பொறந்துட்டா, தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே.” என்றாள் லின்சி. “உங்கிட்ட சொன்னா வரவும் முடியாம, இருக்கவும் முடியாம தவிச்சுப்போவ. அதான் சொல்லல.”

வியாழக்கிழமை அருள்மேரி பாக்கெட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் பஞ்சுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இப்ப பக்கத்துல யாருடி இருக்கா?”

“யாருமில்லம்மா. வீட்டுல மூத்தது மட்டுந்தான். அவரு ட்யூட்டிக்குப் போயிட்டாரு.” பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே லின்சி கேட்டாள். “எத்தன நாள்மா இருப்ப?” அருள்மேரி வாய் திறப்பதற்குள் அவளே கேள்வியைக் குறைத்துக்கொண்டாள். “ரெண்டு நாளாவது இருப்பியா?”