மழை ஒழுகாத மூலை

அந்த வீட்டில் மழை ஒழுகாத மூலை ஒன்றே ஒன்றுதான். அங்கே யாரும் படுப்பதில்லை. அப்பாவின் கோட்டுகள் தொங்கின.

மற்ற இடங்களைப் பாத்திரம் வைத்துச் சமாளித்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அலுமினியச் சட்டி, மேசைமேல் ஒரு வாளி. மழை வலுத்தால் ஒதீல் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்வாள். எந்தப் பக்கம் இழுத்தாலும் கோட்டுகளின் பக்கம் இழுக்கக் கூடாது என்பது சின்ன வயதிலேயே அவளுக்குப் பழகிப்போனது.

அவள் அப்பா அனிசே வெல்டர். பகோங்கோ பேட்டைச் சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இரும்புக் கதவுகள் செய்வார். கையெல்லாம் தீப்பொறி சுட்ட வடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்துவிட்டால் அவர் வெல்டர் இல்லை, சாப்பர்; நேர்த்தியாக உடுத்தி நடப்பதையே பெருமையாகக் கொண்டவர். பாரிஸில் தைத்த கோட்டு, பட்டு டை, முதலைத்தோல் காலணி. மத்சுவா சாலையில் அவர் நடந்து வந்தால் பீர்க்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். அந்தச் சாலையில் சாப்பர்கள் நிறையப் பேர் உண்டு. கொத்தனார், டாக்சிக்காரர், தபால்காரர். சாப்பர் என்றால் உடம்பில் மூன்று நிறத்துக்கு மேல் கூடாது, குரல் உயர்த்திச் சண்டை போடக் கூடாது, இன்னொருத்தன் உடையை வாய்விட்டுப் பழிக்கக் கூடாது. இதை மீறினால் எவ்வளவு விலை உயர்ந்த கோட்டுப் போட்டாலும் அவனை யாரும் மதிக்க மாட்டார்கள்.

"உங்கப்பன் கால்ல முதலை, என் சட்டியில வெறுங்கீரை" என்பாள் அம்மா பெர்னதெத். பொய்யில்லை. அந்தக் காலணி வாங்கிய வருஷம் அவர்கள் மீன் போடாத மரவள்ளிக்கீரையைத்தான் தின்றார்கள். ஒதீல் வேறொருத்தியின் பழைய சீருடையில் பள்ளிக்கூடம் போனாள். தோள்பட்டை இறங்கித் தொங்கும். அதை அவள் மறக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். வெள்ளைக் கோட்டு அளவாக இருக்கிறதா என்று தினமும் ஒருமுறை தோளைத் தொட்டுப் பார்ப்பாள்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் கேட்டுக் கள் கொண்டுவருவதாக இருந்தார்கள்.

மாப்பிள்ளை லாந்திரி அதற்கு முந்தின வாரம் அவளை ஆற்றங்கரைக்கு வரச் சொன்னான். சுட்ட மீன் வாங்கிக் கொடுத்தான். அவன் மீனில் கை வைக்காததைப் பார்த்ததும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன?"

"தப்பா நினைக்காதே."

"சொல்லு."

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்கப்பா சாதாரணமா உடுத்திக்கிட்டா நல்லாருக்கும். எங்க மாமா பசீல் இருக்காரே, அவருதான் எங்க பக்கம் பேசப் போறவர். உங்க தெருவைப் பத்தி விசாரிச்சிருக்கார்."

"விசாரிச்சு?"

"கூரை ஒழுகுற வீட்டுல முதலைச் செருப்பான்னு கேக்கறார். அரண்மனைக்குத் தைக்கறதை அன்றாடங்காய்ச்சி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா அது குடும்பமா, கூத்தான்னு..." அவன் நிறுத்தினான். "நான் சொல்லல. அவர் சொன்னது. அவர் முகம் கோணிச்சுன்னா எல்லாம் கெட்டுப்போயிடும் ஒதீல்."

அவள் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. பசீல் சொன்னதில் பாதியை அவளே எத்தனையோ மழை ராத்திரிகளில் சட்டியை மாற்றிவைக்கும்போது நினைத்திருக்கிறாள்.

அப்பாவிடம் சொல்லும்போது அவர் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்காகத்தான். அவள் வாசற்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கூத்து என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டாள்.

அவர் கையிலிருந்த மெருகுத் துணி போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு காலணியை முடித்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் முடித்தார். பிறகு இரண்டையும் பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தார்.

"சரிம்மா. உன் நாள் அது."

"அப்பா..."

"சரின்னுட்டேன்ல. போய்த் தூங்கு. கண்ணு வீங்கிக்கிட்டு வந்து நிக்காதே அன்னிக்கு."

அவர் சண்டை போட்டிருந்தால் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

சனிக்கிழமை முற்றத்தில் பந்தல் போட்டு, வாடகை நாற்காலிகளை எதிரெதிராக இரண்டு வரிசையாகப் போட்டார்கள். வேலிக்கு வெளியே காலையிலேயே அக்கம்பக்கத்தார் வந்து நின்றுவிட்டார்கள். மகளின் கள் விருந்து. அனிசே இன்றைக்கு எதைப் போடப்போகிறார் என்று பார்க்கத்தான் அந்தக் கூட்டம்.

"தந்தநிறக் கோட்டுதான். பந்தயம் வெச்சுக்க."

"போடா. கல்யாணக் காரியத்துக்கு நீலம்."

"எதுவா இருந்தா என்ன, முதலை நிச்சயம்."

அனிசே வீட்டுக்குள்ளிருந்து வந்தார். சாம்பல் நிறச் சட்டை, கொட்டகைக்குப் போடும் கால்சட்டை, ரப்பர் செருப்பு. வேலியோரம் பேச்சு நின்றது. ஒரு பெண்குரல் மெதுவாகக் கேட்டது:

"பெர்னதெத், உன் வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அம்மா கீரைச் சட்டியைக் காட்டி அவரைப் பழித்தவள்தான். ஆனால் அன்று அவள் புருஷனைப் பார்க்காமல் அவர் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முன்னால் பசீல். ஏதோ அமைச்சகத்தில் வேலை, நல்ல உயரம், கனத்த குரல். பின்னால் இரண்டு பேர் பிரம்புக்கூடையில் வைத்த பெரிய கண்ணாடிக் குடுவையில் கள் கொண்டுவந்து வெயிலில் இறக்கினார்கள். பசீல் சுற்றிலும் பார்த்தார். ஓரமாக நின்றுகொண்டிருந்த அனிசேயைப் பார்த்துக் கையசைத்தார்.

"ஏம்ப்பா, நாற்காலிக்காரரே, இந்தக் குடுவையைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்து. கள்ளு புளிச்சிடப்போவுது."

ஒதீல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா குனிந்தார், கூடையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார், பந்தலின் நிழலில் கொண்டுபோய் வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். கோட்டு போட்டிருக்கும் நாளில் அவர் கையை எதிலும் துடைப்பதே இல்லை. லாந்திரியின் முகம் சுண்டிப்போனது. வாயைத் திறந்தவன் மாமாவைப் பார்த்து மூடிக்கொண்டான்.

உள்நாட்டுச் சண்டை வந்த வருஷம் ஒதீலின் நினைவுக்கு வந்தது. பகோங்கோவே காலியாகிக் காட்டுக்கு ஓடியது. அப்பா முதுகில் மரவள்ளிச் சாக்கு. அதில் மரவள்ளி இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். திரும்பி வந்தபோது தெருவில் ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. சண்டைக்காரர்கள் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சாக்கைப் பிரித்தார். கசங்கிய கோட்டைத் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் நீவினார். போட்டுக்கொண்டு, எரிந்த சுவர்களுக்கு நடுவே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். மெலிந்துபோயிருந்த உடம்பில் கோட்டு தொளதொளத்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். சண்டை முடிந்தது என்று வானொலி பலமுறை சொல்லியிருந்தது. அன்றைக்குத்தான் அவர்கள் நம்பினார்கள்.

அந்தத் தெருவில் அப்பாவை அடையாளம் தெரியாதவர் ஒருத்தர் இன்று வந்துவிட்டார். அதற்கு வழி செய்து கொடுத்தது அவள்தான்.

இரண்டு பக்கத்துப் பேச்சும் நடந்தது. பெண் வீட்டுக்காக அவளுடைய தாய்மாமன் கமீல் பேசினார். "எங்க தோட்டத்துல ஒரு பூ இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். "வாசனை வந்துச்சு" என்றார் பசீல். "எங்க வீட்டுல இன்னிக்குக் கருவாட்டு வாசனைதான் அடிக்குது" என்றார் கமீல். சிரிப்பு. வழக்கமான இழுபறி முடிந்ததும் ஒதீலை அழைத்துவந்து நடுவில் நிறுத்தினார்கள். கமீல் குடுவையிலிருந்து ஒரு கோப்பை ஊற்றி அவள் கையில் கொடுத்தார்.

பெண் சொல்லாமல் அந்தக் கள்ளை யாரும் தொட முடியாது. அவள் சரி என்றால் இரண்டு குடும்பமும் ஒன்று. இல்லையென்றால் குடுவை வந்த வழியே போகும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கே அவள் கண்ணாடி முன் பழகியிருந்தாள். கூட்டத்தில் பேசினால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"மருமவளே, இந்தக் கள்ளைக் குடிக்கலாமா?" என்றார் கமீல்.

கோப்பையிலிருந்து விரலில் கொஞ்சம் சிந்தியது.

"இப்ப வேணாம்" என்றாள்.

வேலியோரம் யாரோ "ஐயோ" என்றார்கள். லாந்திரி எழுந்துவிட்டான். கமீல் அவள் பக்கம் குனிந்தார்.

"என்னம்மா சொல்றே?"

"எங்கப்பா இன்னும் வரலை மாமா. அவர் வந்தப்புறம் குடிக்கலாம்."

பசீல் நெற்றியைச் சுருக்கினார். "அப்பாவே வரலையா? யாரும் சொல்லவே இல்லையே!"

"அதோ ஓரத்துல நிக்கறவரை நான்தான் அப்படி வரச் சொன்னேன்" என்றாள் ஒதீல். குரல் சின்னதாக இருந்தது. முற்றத்தில் வேறு சத்தமே இல்லாததால் வேலிவரை கேட்டது. "தப்பு என்னுது. எங்கப்பாவோட கோட்டு உள்ள இருக்கு."

பசீல் திரும்பிப் பார்த்தார். ரப்பர் செருப்பிலிருந்து மெதுவாக முகம்வரை பார்வை ஏறியது. குடுவையைப் பார்த்தார். அவர் காது சிவந்தது. அந்தச் சங்கடத்தில்தானோ என்னவோ குரல் உயர்ந்தது.

"இதோ பாரும்மா. நான் யார் உடுப்புக்கும் எதிரி இல்ல. ஆனா உன் நல்லதுக்குச் சொல்றேன். அந்தக் கோட்டுக்குப் போட்டதைக் கூரைக்குப் போட்டிருந்தா நீங்க நனையாம இருந்திருப்பீங்க. இதுல என்ன தப்பு?"

தப்பில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"கூரை போட்டிருந்தார் ஐயா. சண்டையில கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மறுபடி போட்டார். மறுபடியும் போச்சு. கோட்டை மட்டும் யாராலயும் எடுக்க முடியல. நான் நனைஞ்சிருக்கேன். கோவமும் பட்டிருக்கேன். ஆனா இவரு மகள்னு சொல்லிக்க இந்தத் தெருவுல நான் ஒரு நாளும் தலை குனிஞ்சதில்ல. இன்னிக்குத்தான் குனிஞ்சேன்."

"அப்படிப் போடு!" என்றது வேலியோரக் குரல்.

கமீல் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி வீட்டார் மன்னிக்கணும். எங்க பக்கம் ஒரு ஆள் குறையுது. கொஞ்சம் காத்திருப்பீங்களா?"

பசீல் வாய் திறக்குமுன் லாந்திரி சொன்னான்: "காத்திருக்கோம்." பிறகு மாமாவைப் பார்க்காமலே, "நான் காத்திருக்கேன்" என்றான்.

அனிசே அசையவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெர்னதெத்தான் போய் அவர் முழங்கையைத் தட்டினாள்.

"நிக்கறீங்களே. புள்ள கையில கோப்பையை ஏந்திக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பா? போங்க. முதலைக்கு மெருகு போட்டுத்தானே வெச்சிருக்கீங்க!"

சாப்பர் அவசரப்பட மாட்டான். அனிசேயும் அவசரப்படவில்லை. பசீல் மூன்று தடவை காலை மாற்றிப் போட்டார். கள்ளுக்குள் ஒரு ஈ விழுந்தது. ஒதீல் அதை விரலால் எடுத்து எறிந்தாள். கை வலித்தது, கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

கதவு திறந்தது. தந்தநிறக் கோட்டு. அடர்பழுப்பில் டை, அதே பழுப்பில் முதலைத்தோல் காலணி. மார்புப் பையில் மரவள்ளி இலைப் பச்சையில் ஒரு கைக்குட்டை. மூன்றே நிறம். வாசலில் ஒரு கணம் நின்றார். கால்சட்டையை இரண்டு விரலால் லேசாக உயர்த்தினார். காலுறையும் அதே பச்சை. வேலி ஆடியது. அப்படிக் கத்தினார்கள்.

அவர் நடந்தார். ஒரு தோள் முன்னால், பிறகு மறு தோள். நடுவில் நிதானமாக ஒரு நிறுத்தம். முற்றம் பத்தடிதான். அவர் அதை ஒரு சாலையாக்கிக்கொண்டார். நேராகப் பசீல் முன்னால் வந்து தலை சாய்த்தார்.

"தாமதத்துக்கு மன்னிக்கணும் சம்பந்தி. நான் அனிசே மலோங்கா. ஒதீலோட அப்பா."

பசீல் எழுந்தார். எழ வேண்டும் என்று அவர் நினைத்து எழுந்ததாகத் தெரியவில்லை. தன் டையைச் சரிசெய்துகொண்டார். அதில் மட்டுமே நாலு நிறம் இருந்தது. அனிசே அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் இருந்தார்.

"நான் முன்ன... அந்தக் குடுவை..."

"நிழல்ல இருக்கறதுதான் கள்ளுக்கு நல்லது. சரியாத்தான் சொன்னீங்க."

பசீல் குனிந்து பார்த்தார். "இது நெஜ முதலையா?"

"நெஜந்தான். சம்பந்தியைக் கடிக்காது."

முதலில் சிரித்தது பசீல்தான்.

கமீல் மறுபடி கேட்டார். "மருமவளே, இப்பக் குடிக்கலாமா?"

"குடிக்கலாம்" என்றாள் ஒதீல்.

முதல் வாய் முன்னோருக்கு. கமீல் அவள் கையிலிருந்த கோப்பையைச் சாய்த்துக் கொஞ்சம் தரையில் ஊற்றினார். கள் மண்ணில் தெறித்து முதலைத்தோலில் பட்டது. பெர்னதெத் பதறிக்கொண்டு இடுப்புத்துணி முனையோடு குனிந்தாள். தூசி பட்டாலே நிறுத்தித் துடைக்கிற மனிதர், அவள் தோளைத் தொட்டுத் தடுத்தார்.

"இருக்கட்டும் விடு. முன்னோரும் தொட்டுப் பாக்கட்டும்."

ஒதீல் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோட்டுக் கைக்குக் கீழே தீப்பொறி வடுக்கள் தெரிந்தன. அவர் அவற்றை மறைக்கவில்லை.