சக்களத்திக்கு வைத்த பொட்டு

மெல்பர்னில் அந்த நாளில் ஒரு தமிழன் வீடு வாங்கினால் பார்க்க நாலு குடும்பம் வரும். கார் வாங்கினால் இரண்டு குடும்பம் வரும். நான் விமானம் வாங்கினேன். ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. பைத்தியம் தொற்றிக்கொள்ளும் என்று பயந்திருப்பார்கள்.

கிளேட்டனில் பல்கலைக்கழகப் பட்டறையில் எனக்கு வேலை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்கிற கருவிகளைக் கடைந்து, பொருத்தி, சரிபார்த்துக் கொடுப்பேன். "பாஸ்கர் பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார்கள். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. 1974இல் நகரத்துக்குத் தென்கிழக்கே ஒரு புல்தரை விமானத் திடலில், ஒழுகுகிற தகரக் கொட்டகைக்குள் அந்த டைகர் மாத்தைப் பார்த்தேன். போர்க்காலத்தில் பயிற்சிக்காகச் செய்த விமானம். இரண்டு அடுக்கு இறக்கை, முன்னொன்று பின்னொன்று இருக்கை, மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி, மஞ்சள் நிறம். சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. எஞ்சினைக் கிளப்ப ஒருவர் எதிரே நின்று விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். பார்த்த அன்றே பேசி முடித்துவிட்டேன்.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள். யானையாவது தின்றுவிட்டுச் சும்மா நிற்கும். இது குடித்த எண்ணெயில் பாதியைத் தரையில் ஒழுக்கியது. முதல் இரண்டு வருடத்தில் என் சனி ஞாயிறெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் போயின. இறக்கைத் துணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். தளர்ந்திருந்தால் பிரித்துப் புதுத் துணி தைத்து, அது விறைக்கும் வரை பூச்சு மேல் பூச்சாக அடிப்பேன். அந்தப் பூச்சு நெயில் பாலிஷ் போல நாறும். வீட்டுக்குள் நுழையும்போதே என் மனைவி வைதேகி மூக்கைச் சுளிப்பாள்.

"சக்களத்தி வீட்டுலேர்ந்து வந்தாச்சா? நேரா குளிக்கப் போங்க."

வருடத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்ற இன்ஜினியர் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார். மற்றபடி, பறக்கிற ஒவ்வொரு நாளும் மூக்கிலிருந்து வால் வரை பார்த்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் ஏற்பாட்டில் என் பொறுப்பு. பறக்க எனக்கும் உரிமம் உண்டு. ஆனால் மேலே போனால் உள்ளங்கை வியர்த்துவிடும். எனக்குப் பழுது பார்ப்பதுதான் சுகம். பறந்தவன் யோகேஸ்வரன்.

அவன் யாழ்ப்பாணத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். டாண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போட்டுக்கொண்டே ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, பறக்கக் கற்றுக்கொடுக்கும் தகுதி வரைக்கும் வந்துவிட்டான். சனிக்கிழமைகளில் என்னோடு சேர்ந்து துணி தைப்பான், ஞாயிற்றுக்கிழமைகளில் என் விமானத்தில் பறப்பான். அந்தத் திடலிலேயே ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. அதன் தலைமை ஆசிரியர் கெவின் அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லி, 1976 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரச்சொல்லியிருந்தார். எங்கள் நிறத்தில் ஒரு ஆசிரியர் அந்தத் திடலில் அதுவரை இருந்ததில்லை.

"அண்ணை, என்னட்டைப் படிக்க வாற முதல் ஆள் வெள்ளைக்காரனாத்தான் இருப்பான், என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரிப்பான். அந்த வேலைக்காகத்தான் அவன் ஐந்து வருடம் கல்யாணப் பேச்சையே தள்ளிப் போட்டிருந்தான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை ஆயுத பூஜை. வைதேகி அதுவரை திடல் பக்கம் வந்ததே இல்லை. அன்று காலையில் அவளாகவே சந்தனக் கட்டையையும் கல்லையும் எடுத்து வைத்துக்கொண்டு, "வாங்க, என் சக்களத்திக்கும் ஒரு பொட்டு வெச்சுட்டு வரலாம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொட்டகையில் என் ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல், ஊசி, நூல் எல்லாவற்றையும் துடைத்து ஒரு வெள்ளைத் துணியில் பரப்பினோம். பொரி கிடைக்காத ஊர். காலையில் பாலில் போட்டுச் சாப்பிட விற்கும் அரிசிப் பொரியை வாங்கி, பொட்டுக்கடலைக்குப் பதில் வேர்க்கடலை கலந்து படைத்தோம். கெவின் வந்து ஒரு கை அள்ளித் தின்றுவிட்டு, பால் எங்கே என்று கேட்டார். நானும் யோகேஸும் வெளியே பூசணிக்காய் உடைக்கப் போனோம். வைதேகி விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பொட்டு வைத்தாள். விசிறிக்கு, சக்கரத்துக்கு, வால் நுனிக்கு, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் நெருப்புத் தடுப்புத் தகட்டுக்குக்கூட.

இடது இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் தூணில் பென்சில் கனத்தில் ஒரு குழாய் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதற்குள் புகுந்துதான் விமானிக்கு முன்னால் இருக்கும் வேகமானியின் ஊசியை நகர்த்தும். மண்குளவி கூடு கட்டிவிடக் கூடாதென்று அதற்கு ஒரு சிவப்புத் துணி உறை போட்டிருப்பேன். வைதேகி அந்த உறையைக் கழற்றி, குழாயின் முனையிலும் ஒரு பொட்டு வைத்து, உறையைப் பத்திரமாகத் திரும்ப மாட்டியிருக்கிறாள். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற அக்கறைதான்.

கருவிகளை அப்படியே பூஜையில் விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் விஜயதசமி அன்று மறுபூஜை செய்யும் வரை அவற்றைத் தொடக் கூடாது. புது வேலைக்கு நல்ல நாள் என்று யோகேஸ் அன்று காலை ஒன்பது மணிக்கே ஒரு சுற்றுப் பறக்க ஆசைப்பட்டான். மறுபூஜைக்கு நல்ல நேரம் பத்தரை. ஆகவே நான் கருவி எதையும் எடுக்காமல், வெறும் கையாலும் கண்ணாலும் விமானத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நான் விசிறியைச் சுற்றினேன். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கிளம்பினான்.

வடக்கிலிருந்து விட்டுவிட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் கழித்து இறங்க வந்தான். வேலி தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வேகம் மிக அதிகம். தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போய், பாதித் திடலைத் தாண்டித்தான் சக்கரம் புல்லில் பட்டது. பிரேக் இல்லாத வண்டி எங்கே நிற்கும்? கடைசி வேலியை அறுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் மூக்கைக் குத்திக் கவிழ்ந்தது. நான் ஓடிப் போவதற்குள் அவன் தலைகீழாகத் தொங்கியபடி பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. விசிறியும் கீழ் இறக்கைகள் இரண்டும் சுக்குநூறு.

"ஊசி குறைச்சுக் காட்டினது அண்ணை" என்றான், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஏறேக்கை சரியா இருந்தது. இறங்கேக்கை விழுந்திட்டுது. இந்தக் காத்திலை வேகம் போனா விழுந்திடுவன் எண்டு மூக்கைக் கீழை அழுத்தினன்."

கெவின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு விமானத் துறை இன்ஸ்பெக்டர் வருவார், கருவியைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார்.

அவனை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தேன். குழாய் வளைந்திருந்ததே தவிர உடையவில்லை. முனையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு அடைப்பு. கம்பியை விட்டுக் குடைந்தேன். உள்ளங்கையில் மிளகளவு சந்தனம் வந்து விழுந்தது. அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் விலகிப் போய்விடுவேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. வாயால் ஊதினேன், துணியால் துடைத்தேன், உறையை மாட்டினேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் குழாயைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. வேகமானியைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்தார், அதுவும் சரியாக இருந்தது. விமானியின் கணிப்புப் பிழை என்று எழுதிவிட்டார். கெவின் நல்ல மனுஷர்தான், ஆஸ்பத்திரிக்கே போய்த்தான் சொன்னார். வேலியைப் பிடுங்கியவனிடம் பிள்ளைகளை ஒப்படைத்தால் பெற்றவர்கள் கேட்பார்கள் என்றார். எந்த நிறத்தவன் பிடுங்கினான் என்பதையும் சேர்த்துக் கேட்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. அதை யோகேஸ் தானாகவே புரிந்துகொண்டான்.

முதல் மாதம் அவன் "ஊசி குறைச்சுத்தான் காட்டினது" என்று சாதித்தான். மூன்றாம் மாதம் "அப்பிடித்தான் ஞாபகம்" என்றான். அடுத்த வருடம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், "நான்தான் பிழையாப் பாத்திருக்கிறன் அண்ணை, பயத்திலை கண் பொய் சொல்லும்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். நான் சாம்பார் வாளியை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் அதற்குப் பிறகு விமானத்தில் ஏறவில்லை. தொழிற்சாலையில் வரைபடம் போட்டுக்கொண்டே இருந்தான்.

வைதேகிக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல்முதலாக ஆசையாக வந்து பொட்டு வைத்தவள், தெரிந்தால் உடைந்து போவாள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டரை வருடம் ஆயிற்று.

1979இல் அவனுக்குச் சிட்னியில் பிளாக்டவுனில் வேறு வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று காலை எங்கள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டான். பேச்சோடு பேச்சாக வைதேகியிடம், "அக்கா, அண்டைக்கு நீங்கள் பொட்டு வச்சபடியாத்தான் நான் உயிரோடை இருக்கிறன். அம்மாவுக்கு எழுதேக்கையும் அப்பிடித்தான் எழுதினனான்" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இருங்க தம்பி, அவ்ளோ தூரம் போறீங்க, காருக்கும் வெச்சு விடறேன்" என்று சந்தனக் கல்லைத் தேடி உள்ளே ஓடினாள்.

நானும் அவனும் வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றோம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"யோகேஸ், நீ தப்பா பார்க்கலை. ஊசி குறைச்சுத்தான் காட்டிச்சு. குழாயில சந்தனம் அடைச்சிருந்தது."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"அவ வெச்ச பொட்டு முனையில சும்மாதான் ஒட்டியிருந்தது. உறைக்குள்ள காயாம ஈரமா இருந்தது. மறுநாள் காலையில நான் அதைப் பார்த்தேன். கருவியெல்லாம் பூஜையில இருந்ததால கட்டைவிரலாலதான் துடைச்சேன். நான்தான் அதை உள்ள தள்ளினேன். மேலே போனதும் காத்து இன்னும் உள்ள தள்ளி முழுசா அடைச்சிருக்கு. பார்த்தேன்னு கையெழுத்தும் போட்டேன். அன்னிக்கு மத்தியானமே எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"இன்ஸ்பெக்டர் வர முந்தியோ?"

"ஆமா."

அவன் கார்க் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். அடித்திருக்கலாம். ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"சொல்லாதேங்கோ" என்றான். "ஒரு நாளும் சொல்லாதேங்கோ. அவ தாங்கமாட்டா."

வைதேகி சந்தனக் கிண்ணமும் குங்குமமும் நாலு எலுமிச்சம்பழமுமாக வந்தாள். முன்கண்ணாடிக்கு வைத்தாள், பானெட்டுக்கு வைத்தாள், ஸ்டியரிங்குக்கு வைத்தாள். யோகேஸ் கூடவே நடந்து இடம் காட்டினான். "இதிலையும் ஒண்டு வையுங்கோ அக்கா. இன்னும் கொஞ்சம் பெரிசா வையுங்கோ" என்றான். குரல் பிசிறவில்லை. அவளுக்காகப் பொறுத்துக்கொள்வது எப்படியென்று எனக்குக் காட்டியது போல இருந்தது. நான் இரண்டரை வருடம் செய்ததாகச் சொல்லிக்கொண்டதை அவன் இரண்டு நிமிடத்தில் செய்துவிட்டான்.

எலுமிச்சம்பழங்கள் சக்கரத்தடியில் நசுங்கின. வைதேகிக்குக் கையை ஆட்டினான். என் பக்கம் திரும்பவில்லை. கார் தெருமுனையில் திரும்பும் வரை நாங்கள் நின்றோம்.

விமானத்தை அதன்பின் நான் தொடவில்லை. ஒடிந்த இறக்கைகளுக்காகச் செதுக்கி வைத்திருந்த மரச்சட்டங்களோடு அப்படியே ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். யோகேஸிடமிருந்து தீபாவளிக்குத் தீபாவளி ஒரு அட்டை வரும். வைதேகி அக்காவுக்கு என்று மட்டும்தான் அதில் எழுதியிருக்கும்.

ஆனால் அன்று வாசலில் நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நசுங்கிய பழங்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே வைதேகி கேட்டாள்.

"என்னங்க, தம்பி உங்ககிட்ட போயிட்டு வர்றேன்னு சொல்லவே இல்லையே?"

"அவசரத்துல மறந்திருப்பான்" என்றேன்.