எமெரிதாவுக்காக இறக்கிய சுருதி

குவாப்பி ஆற்றின் இரு கரையிலும் தேடினாலும் என் தங்கை எமெரிதாவின் புருஷன் ஃபௌஸ்டினோவைப் போல ஒரு மடையன் கிடைக்கமாட்டான். நல்ல மனசுக்கார மடையன். அதுதான் வயிற்றெரிச்சல்.

கல்யாணமான புதிதில் வீட்டு உத்தரத்தில், கட்டைகளை வரிசையாகக் கோத்துக் கோலால் தட்டும் ஒரு மரிம்பாவைக் கட்டித் தொங்கவிட்டான். எமெரிதாவைப் பாடச் சொல்லி, அவள் குரலோடு பொருந்தும்வரை ஒவ்வொரு பனங்கட்டையையும் செதுக்கினான். தேவாலயத்துப் பியானோவில் அந்தச் சுரங்கள் கிடையாது. அதன் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ நிற்கும். பாதிரியார் சுருதி பிசகு என்பார். எங்களுக்கு அதுதான் சுருதி. அவள் ஆற்றுக்குப் போயிருக்கும்போது அவன் தட்டினால், அவள் வீட்டில் இருப்பதாக நினைத்து வாசலில் நின்று கூப்பிட்டவர்கள் உண்டு.

போன வருஷம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. குரல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. டிசம்பர் மாதா திருநாளுக்கு ஒரு பாட்டாவது பாடிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பாடிப் பார்த்தபோதெல்லாம் மரிம்பா ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள்.

திருநாளன்று எல்லோரும் கூடினோம். ஃபௌஸ்டினோ தட்ட, எமெரிதா வாய் திறந்தாள். அப்படியே பொருந்தியது! பின்பாட்டுக்காரிகள் நாங்கள்தான் அந்தச் சுருதிக்குத் தட்டுத்தடுமாறிக் கீழே இறங்கினோம். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. முதல் அடி முடிந்ததும் அவள் நிறுத்தினாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"உன் தொண்டைக்குத் தோதா கட்டையை அடியில கொஞ்சம் செதுக்கினேன்டி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்." பெருமையாகச் சிரித்தான்.

"அடப்பாவி மனுஷா! நான் போனப்புறம் நீ தட்டினா அதுல நான் இருப்பேன்னு நெனச்சிருந்தேனே. இனிமே என் சீக்குதானே கேக்கும்."

அவன் கையிலிருந்த கோல் நின்றுவிட்டது. செதுக்கிய மரம் திரும்ப ஒட்டுமா?

தவக்காலத்துக்கு முன்பே அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்தபின் புதுப் பனங்கட்டைகளும் கத்தியுமாக என் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, புதுசா செதுக்கிடலாம். அவளோட பழைய குரல் என் காதுல நிக்கமாட்டேங்குது. கூடவே பாடினவ நீ. ஒரே ஒரு அடி, அவ மாதிரி பாடிக் காட்டேன்."

"இதுகூடவா மறந்துபோகும் உனக்கு?" என்று எரிந்து விழுந்துவிட்டு, கண்ணை மூடிப் பாடினேன்.

எனக்கும் வந்தது அவளுடைய அந்த டிசம்பர் சீக்குக் குரல்தான். மறுபடி பாடினேன். அதுவேதான் வந்தது. கண்ணைத் திறந்தபோது அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டிருந்தான்.